18 வயதுக்கு முன் வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய நிலையா? தமிழ்நாட்டில் சட்டப்படி செய்ய வேண்டியவை

அமெரிக்கத் தொடர்களில் 16 வயதுப் பிள்ளை நீதிமன்றம் போய், "இனி பெற்றோருக்கு என்மேல் அதிகாரம் இல்லை" என்று தீர்ப்பு வாங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் அப்படி ஓர் ஆணை கிடையாது. 18 முடிந்தால்தான் மேஜர். 17 வயது 11 மாதம் ஆனவரும், சொந்தமாகச் சம்பாதிப்பவரும் மைனர்தான். "எனக்கும் பெற்றோருக்கும் இனி சம்பந்தமில்லை" என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கித் தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை.

ஆனால் நீங்கள் தங்கும் இடத்தையும், உங்களுக்குப் பொறுப்பான பெரியவரையும் மாற்றும் வழி இங்கே உண்டு. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. 'குழந்தைகள்' என்ற சொல்லைப் பார்த்து, நமக்கு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 18 முடியாத எல்லோரும் அதில் அடக்கம். மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெற்றோர் சம்மதமும் வேண்டாம். அந்தச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, பிள்ளை தானே குழுவின் முன் வந்து நிற்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

ஒரே வாசற்படியைத் தாண்டி இரண்டு பேர் வெளியே வருகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் பஸ் ஏறி வேறு ஊருக்குப் போகிறார். காவல் நிலையத்தில் அவர் 'காணாமல் போனவர்'. இன்னொருவர் நேராகக் குழுவிடம் போகிறார். அவர் 'பாதுகாப்பு கேட்டு வந்தவர்'. முன்னவரைத் தேடிப் பிடித்து ஒப்படைப்பார்கள். பின்னவரை உட்காரவைத்து விசாரிப்பார்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் நீங்கள் இரண்டாமவராக இருப்பதற்காகத்தான்.

உயிருக்கு ஆபத்து என்றால் படிகளையெல்லாம் விடுங்கள். 112 (அவசர உதவி) அல்லது 1098-ஐ (குழந்தைகள் உதவி எண்) உடனே அழையுங்கள். காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1. உங்கள் பிரச்சினைக்கு எந்த வாசல்?

அடி, கொலை மிரட்டல், சாப்பாடு போடாமல் வைப்பது, குடித்துவிட்டு வந்து தினமும் ரகளை, படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்புவது, வீட்டைவிட்டுத் துரத்துவது: இவை நேரடியாகக் குழுவின் வேலை. பிள்ளையைக் கொடுமைப்படுத்துபவருக்கு அதே சட்டத்தின் 75-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. அதற்காக வழக்குப் போட்டால்தான் பாதுகாப்பு கிடைக்கும் என்பதில்லை. பெற்றோர்மீது வழக்கு வேண்டாம், தங்க இடம் மட்டும் போதும் என்று கேட்பவர்கள் பலர். அப்படியும் கேட்கலாம்.

பாலியல் தொல்லை என்றால் போக்சோ சட்டம் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) வரும். யாரிடம் சொன்னாலும் அவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டக் கட்டாயம். "உங்களிடம் மட்டும் சொல்கிறேன்" என்ற நிபந்தனையை ஆசிரியரோ மருத்துவரோ காப்பாற்ற முடியாது. இதைத் தெரிந்துகொண்டே சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள். வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலோ நீங்கள் விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். இரவில் உங்களைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

கட்டாயக் கல்யாண ஏற்பாடு என்றால் 1098-உடன் மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் தகவல் போக வேண்டும். தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பு அதிகாரி அவர்தான். மாஜிஸ்திரேட் தடை உத்தரவு போட முடியும். பத்திரிகை, மண்டப முன்பதிவு ரசீது, நிச்சயதார்த்தப் புகைப்படம், எது கிடைத்தாலும் போனில் எடுத்துவையுங்கள். ஏற்கெனவே கல்யாணம் முடிந்துவிட்டதா? 18 முடிந்து இரண்டு ஆண்டுக்குள் அதை ரத்துசெய்யக் கேட்கலாம்.

அப்பா, அம்மா பிரிந்து உங்களை இழுபறிப் பொருளாக வைத்திருக்கிறார்கள் என்றால், அது குடும்ப நல நீதிமன்றத்தின் பாடு. அந்த நீதிமன்றம் பற்றி 8-ஆம் படியில் உண்டு.

போனைப் பிடுங்கிவிட்டார்கள், மதிப்பெண்ணுக்குத் திட்டுகிறார்கள், நண்பர்களோடு வெளியே விடுவதில்லை என்பவை மட்டும்தான் குறை என்றால், குழு பெற்றோரையும் உங்களையும் ஆலோசகரிடம் அனுப்பிவிட்டு வீட்டுக்கே திருப்பி அனுப்பும். அந்த நிலையில் விடுதிதான் புத்திசாலித்தனம். அரசின் சமூகநீதி விடுதிகளில் தங்கல், சாப்பாடு இலவசம். பள்ளி திறக்கும் நாட்களில் விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்றும் சாதிச் சான்றும் கேட்பார்கள். பெற்றோரில் ஒருவராவது கையெழுத்துப் போடத் தயார் என்றால், எந்த விசாரணையும் இல்லாமல் வீட்டைவிட்டு வெளியே இருக்கலாம்.

2. காகிதங்கள்

முதல் காகிதம் வயதுச் சான்று. குழு இதை ஒரு வரிசையில் பார்க்கும்: பள்ளியில் பதிவான பிறந்த தேதிச் சான்று அல்லது 10-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்புப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையைத் தவிர்க்கப் பாருங்கள். அதில் வருவது சரியான தேதி அல்ல, ஒரு உத்தேச வயதுதான். 17 வயதுக்காரருக்கு 18 என்று வந்துவிட்டால் கதவு மூடிவிடும். ஆதாரில் உள்ள பிறந்த தேதி மட்டும் போதும் என்று நம்பியும் போகாதீர்கள். மேற்சொன்ன வரிசையில் ஆதார் இல்லை.

எடுத்துவைக்க வேண்டியவை:

- 10-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்று, வங்கிப் புத்தகம். மூலம் கிடைக்காவிட்டால் இரண்டு பக்கமும் தெளிவாகப் புகைப்படம்.
- பள்ளி அடையாள அட்டை, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் உங்களுக்குரிய எண்). இந்த எண் இருந்தால், மற்ற எல்லாம் வீட்டில் மாட்டிக்கொண்டாலும் பள்ளிப் பதிவிலிருந்து உங்களைக் கண்டுபிடித்துவிடலாம்.
- தொடர்ந்து சாப்பிடும் மருந்தின் சீட்டு.
- நம்பும் இரண்டு பெரியவர்களின் தொலைபேசி எண், காகிதத்தில் எழுதியது. போனில் மட்டும் வைத்திருந்தால், போன் போனதும் எண்ணும் போய்விடும்.

டிஜிலாக்கரில் (சான்றுகளைச் சேமிக்கும் அரசுச் செயலி) எல்லாம் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதற்கு வரும் ஓடிபி, ஆதாரோடு இணைத்த எண்ணுக்குத்தான் போகும். பெரும்பாலும் அது அப்பாவின் எண். நீங்கள் உள்ளே நுழைய முயன்ற நொடியில் அவருக்குக் குறுஞ்செய்தி போய்விடும். வேண்டிய சான்றுகளை முன்கூட்டியே, வீடு அமைதியாக இருக்கும் நாளில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆதாரங்கள். காயத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போனால், அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், வழக்கில் 'ஏ.ஆர். காப்பி' என்பது இதுதான். எப்படி அடிபட்டது என்று மருத்துவர் கேட்கும்போது "மாடிப்படியில் விழுந்துட்டேன்" என்று சொன்னால் அதுவே பதிவாகும். ஆறு மாதம் கழித்து நீங்கள் உண்மையைச் சொன்னாலும் அந்த வரி உங்களுக்கு எதிராக நிற்கும். யார் அடித்தது, எதைக் கொண்டு அடித்தது, எந்த நேரம், மூன்றையும் சொல்லுங்கள். அடித்தவரே கூட வந்து நின்றால், தனியாகப் பேச வேண்டும் என்று செவிலியரிடம் சொல்லுங்கள்.

மருத்துவமனை போகாத நாட்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்: தேதி, நேரம், நடந்தது, பார்த்தவர். ஒரு நாளைக்கு இரண்டு வரி போதும். 'எப்போதும் அடிப்பார்' என்பதைவிடத் தேதியோடு எழுதிய ஐந்து சம்பவங்களுக்குக் குழுவில் எடை அதிகம். நோட்டைப் பள்ளியில் வையுங்கள், வீட்டில் அல்ல.

3. இந்த நான்கையும் செய்யாதீர்கள்

வீட்டு நகை, பணத்தை எடுக்காதீர்கள். அது அம்மாவின் நகையாக இருந்தாலும், உங்களுக்கென்று செய்ததாக இருந்தாலும் சரி. பாதுகாப்பு கேட்டுப் போனவர் திருட்டுப் புகாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

காதலரோடு வெளியேறாதீர்கள். 18-க்குக் கீழ் உள்ளவரின் சம்மதத்தைச் சட்டம் கணக்கில் எடுக்காது. காதலர்மேல் கடத்தல் வழக்கும் போக்சோவும் பாயும். வீட்டில் நடந்த கொடுமை பின்னுக்குப் போய், வழக்கு முழுக்க அவரைப் பற்றியதாகிவிடும். உங்கள் பெற்றோரின் வக்கீலுக்கு இதைவிட வசதியான விஷயம் கிடையாது.

நண்பர் வீட்டிலோ அத்தை வீட்டிலோ சொல்லாமல் ஒளிந்திருக்காதீர்கள். மைனரைப் பாதுகாவலரின் சம்மதமில்லாமல் கூட்டிப்போவது பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றத் தண்டனைச் சட்டம்) 137-ஆம் பிரிவில் கடத்தல். 7 ஆண்டு வரை தண்டனை. நல்ல மனதோடு சோறு போட்டவர் காவல் நிலையத்தில் நிற்பார். ஒருவர் உங்களுக்கு அடைக்கலம் தந்தால் அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: 24 மணி நேரத்துக்குள் 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ குழுவுக்கோ தகவல் சொல்லிவிட வேண்டும். அழைத்த நேரத்தையும் பேசியவர் பெயரையும் அவர் குறித்துவைக்கட்டும்.

கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போவதென்றால் "என்னைத் தேட வேண்டாம்" என்று மட்டும் எழுதாதீர்கள். அதைத் தற்கொலைக் கடிதமாக எடுத்துக்கொண்டு ஊரையே தேடுவார்கள். (அப்படியான எண்ணமே வருகிறதென்றால், வேறெதற்கும் முன் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், இலவசம், 24 மணி நேரமும் ஆள் இருப்பார், தமிழில் பேசலாம்.)

4. 1098-ஐ அழைப்பது

கட்டணம் இல்லை, இரவு பகல் எப்போதும் அழைக்கலாம். வீட்டுப் போனிலிருந்து பேசினால் அழைப்புப் பட்டியலில் எண் நிற்கும். அழித்துவிடுங்கள், அல்லது பள்ளியிலிருந்து, நம்பும் ஒருவரின் போனிலிருந்து பேசுங்கள்.

பதற்றத்தில் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தோன்றும். இந்த வரிசையில் சொல்லுங்கள்: வயது, இப்போது இருக்கும் இடம், அருகில் உள்ள அடையாளம், இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா, யாரால் ஆபத்து, திரும்ப அழைக்கலாமா, எந்த நேரத்தில். கடைசிக் கேள்விக்கான பதிலைக் கட்டாயம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் உதவியாகத் திரும்ப அழைக்கும்போது போனை எடுப்பது அப்பாவாக இருக்கும்.

"வீட்டுக்கு வந்து பெற்றோரிடம் பேசட்டுமா" என்று கேட்பார்கள். சில வீடுகளில் அது வேலை செய்யும். சில வீடுகளில் அவர்கள் போன பிறகு அடி இரட்டிப்பாகும். உங்கள் வீடு இரண்டாவது வகை என்றால், "வீட்டுக்கு வர வேண்டாம், என்னைக் குழுவின் முன் ஆஜர்படுத்துங்கள்" என்று இதே சொற்களில் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கதவு, மாவட்டத்தில் இயங்கும் ஒருங்கிணைந்த சேவை மையம். 181-ஐ (பெண்கள் உதவி எண்) அழைத்தால் வழி சொல்வார்கள். சில நாட்கள் தங்கலாம். மருத்துவம், சட்ட ஆலோசனை அங்கேயே கிடைக்கும். காவல் நிலையத்துக்கே போவதென்றால், ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம், அவரைக் கேளுங்கள். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான எண்ணிட்ட ரசீது) வாங்காமல் வெளியே வராதீர்கள்.

5. மனு எழுதுவது

வாயால் சொன்னாலே போதும். ஆனாலும் எழுதிக் கொண்டுபோங்கள். அழுகை வந்து பேச முடியாமல் போனாலும் காகிதம் பேசும். வெள்ளைத் தாள், ஸ்டாம்ப் வேண்டாம், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

"பெறுநர்: தலைவர், குழந்தைகள் நலக் குழு, (மாவட்டம்).
பொருள்: பராமரிப்பும் பாதுகாப்பும் கோருதல்.
என் பெயர் ……, வயது ……, பிறந்த தேதி ……, …… பள்ளியில் …… வகுப்பு படிக்கிறேன். …… என்பவருடன் வசிக்கிறேன். (தேதியோடு மூன்று முதல் ஐந்து சம்பவங்கள்.) வீட்டுக்குத் திரும்பினால் …… நடக்கும் என்று அஞ்சுகிறேன். எனவே என்னைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாக ஏற்று, …… இடத்தில் தங்க வைக்கவும், படிப்பு தொடர ஏற்பாடு செய்யவும், விசாரணை முடியும்வரை வீட்டில் ஒப்படைக்காமல் இருக்கவும் வேண்டுகிறேன்.
இணைப்பு: ……"

'விசாரணை முடியும்வரை வீட்டில் ஒப்படைக்காமல்' என்ற சொற்றொடரை விட்டுவிடாதீர்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

துணைக்கு வக்கீல் வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் 18-க்குக் கீழ் உள்ளவர்களுக்கும் குடும்ப வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசம். அப்பா வசதியானவர் என்பதால் மறுக்க முடியாது.

6. குழுவின் முன்

உங்களை அழைத்துச் செல்பவர் யாராக இருந்தாலும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்த வேண்டும். குழுவில் ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பெண். மாதத்தில் குறைந்தது 20 நாள் அமர வேண்டும். பல மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலக வளாகத்திலோ அரசு இல்லங்களின் வளாகத்திலோ அமர்கிறார்கள். எங்கே, என்றைக்கு என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அமர்வு இல்லாத நாளில் போய்விட்டால் "நாளைக்கு வா" என்று சொல்லி அனுப்புவதை ஏற்காதீர்கள். குழு கூடாத நேரத்தில் தனி உறுப்பினர் முன்பும் ஆஜராகலாம் என்று சட்டம் சொல்கிறது.

கூண்டு, கறுப்புக் கோட்டு எதுவும் இருக்காது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். ஆனால் அதிகாரம் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ளதுதான். பெற்றோர் வெளியே இருக்க, தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

"அப்பா அம்மா நல்லதுக்குத்தானே சொல்வாங்க" என்று ஓர் உறுப்பினர் ஆரம்பிக்கலாம். கோபப்பட வேண்டாம், வாதாடவும் வேண்டாம். நோட்டைத் திறந்து தேதிகளைப் படியுங்கள். மிகைப்படுத்தவே செய்யாதீர்கள், இரண்டு முறை நடந்ததைத் தினமும் என்று சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் அதை மறுத்தால் உண்மையான இரண்டும் சேர்ந்து விழுந்துவிடும். "வீட்டுக்குப் போகிறாயா" என்ற கேள்விக்கு மௌனமாக இருந்தால் சம்மதம் என்று எழுதப்படும் வாய்ப்பு உண்டு. போகப் பயமாக இருக்கிறது என்றால் அதையே சொல்லி, பதிவுசெய்யக் கேளுங்கள். புரியாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வேறு மாவட்டத்தில் ஆஜரானால், வழக்கைச் சொந்த மாவட்டக் குழுவுக்கு மாற்ற வாய்ப்பு அதிகம். சொந்த ஊரில் அப்பாவுக்கு அரசியல் செல்வாக்கு, காவல் நிலையத்தில் ஆள் என்றால், அதை முதல் நாளே எழுத்தில் கொடுங்கள்.

7. அடுத்த 15 நாள், அடுத்த 4 மாதம்

முதல் நாளே குழு ஓர் இடைக்கால ஆணை போடும்: குழந்தைகள் இல்லமா, தகுதியான உறவினரா, வீடா என்று. அதன் நகலை வாங்கிவையுங்கள். அந்த ஒரு தாள் கையில் இருந்தால், 'கடத்திவிட்டார்கள்' என்ற புகார் நிற்காது.

சமூக விசாரணை அறிக்கையை 15 நாளில் முடிக்க வேண்டும். அதிகாரி உங்கள் வீடு, பள்ளி, அக்கம்பக்கம் போய் விசாரிப்பார். பெரும்பாலும் அறிக்கைதான் தீர்ப்பை முடிவுசெய்யும். அவர் விசாரிக்க வேண்டிய ஆட்களின் பெயரை நீங்களே கொடுங்கள்: காயத்தைப் பார்த்த ஆசிரியர், சத்தம் கேட்ட எதிர்வீட்டு அக்கா, மருந்து போட்ட செவிலியர். கொடுக்காவிட்டால் அவர் முதலில் கேட்பது உங்கள் பெரியப்பாவையாக இருக்கும்.

இறுதி ஆணைக்கு முதல் ஆஜரிலிருந்து 4 மாதம் கெடு. நடைமுறையில் தள்ளிப்போவதும் உண்டு. இந்த மாதங்களில்தான் பலர் பின்வாங்குகிறார்கள். இல்லத்தில் போன் கையில் இருக்காது, நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு விளக்கணைப்பு, உங்களைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஒரே அறை. வீட்டில் அடி இருந்தாலும் சொந்தப் படுக்கை இருந்ததே என்று தோன்றும். அந்த வாரத்தில் அம்மா பார்க்க வந்து அழுவார், அப்பா இனி தொடமாட்டேன் என்பார். திரும்புவது தவறில்லை, ஆனால் வெறும் வாக்கின்மேல் திரும்பாதீர்கள். பெற்றோர் எழுத்தில் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதிகாரி மாதம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும், குடிக்கும் அப்பா குடிநோய் சிகிச்சைக்குப் போக வேண்டும் போன்ற நிபந்தனைகளை ஆணையிலேயே சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இல்லத்திலேயே யாராவது துன்புறுத்தினால், குழு உறுப்பினர்கள் ஆய்வுக்கு வரும்போது சொல்லுங்கள், அல்லது 1098-க்குச் சொல்லுங்கள். உங்கள் பெயர், படம், பள்ளியை ஊடகத்தில் வெளியிடுவது குற்றம். நீங்களாகவும் இன்ஸ்டாகிராமில் போட்டுவிடாதீர்கள்.

8. பாட்டி வீடோ சித்தி வீடோ போதும் என்றால்

நல்ல உறவினர் ஒருவர் இருந்தால், இல்லத்தைவிட அதுவே மேல்; குழுவும் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் பார்க்க வேண்டும். அவர் ஆதார், முகவரிச் சான்று, வருமான விவரத்தோடு நேரில் வந்து, உங்களைப் பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும். "வேண்டுமானால் வச்சுக்கிறோம்" என்று போனில் சொல்லும் மாமா கணக்கில் வரமாட்டார்.

பள்ளி, வங்கி எல்லாவற்றிலும் அவர் கையெழுத்தே நிரந்தரமாகச் செல்ல வேண்டுமென்றால், பாதுகாவலர் மற்றும் காப்புப்பிள்ளைகள் சட்டம், 1890-இன் கீழ் மனு போட வேண்டும். இதை நீங்கள் போட முடியாது. உறவினரோ நண்பரான பெரியவரோதான் போட முடியும். நீங்கள் வழக்கமாக வசிக்கும் பகுதியின் குடும்ப நல நீதிமன்றத்தில், அது இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றத்தில். தந்தை உயிரோடு இருந்தால், அவர் தகுதியற்றவர் என்று காட்ட வேண்டியிருக்கும். குழுவின் ஆணையும் ஏ.ஆர். காப்பியும் அங்கே கைகொடுக்கும். விவரம் தெரிந்த வயது என்றால் நீதிபதி உங்கள் விருப்பத்தைக் கேட்டு அதையும் எடைபோடுவார். பெற்றோர் எதிர்த்தால் எளிதில் ஒரு வருடத்தைத் தாண்டும். உங்களுக்கு 17 ஆகிவிட்டதென்றால் இந்த வழக்கு பெரும்பாலும் வீண் அலைச்சல். குழுவின் ஆணையோடு 18 வரை ஓட்டிவிடுங்கள்.

9. பணமும் படிப்பும்

வீட்டைவிட்டு வந்ததால் பெற்றோரின் கடமை தீர்ந்துவிடாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 144-ஆம் பிரிவில், பெரியவர் ஒருவர் துணையோடு தந்தையிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். இடைக்காலத் தொகையும் கேட்கலாம்.

உறவினர் வீட்டில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம். ஒதுக்கீடு இருந்தால்தான் வரும், தாமதமாகவும் வரும். அதை நம்பி மாதக் கணக்குப் போடாதீர்கள்.

பழைய வங்கிக் கணக்கு பெற்றோரோடு கூட்டாக இருந்தால், அதில் உதவித்தொகை விழுந்ததும் அவர்கள் எடுத்துவிடலாம். 10 வயது நிரம்பியவர் தனிப் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வரம்புகளை அந்தந்த வங்கி வைக்கும்.

வாடகை ஒப்பந்தம் மைனர் பெயரில் செல்லாது. வேலைக்குப் போவதென்றால் 14 முடிந்திருக்க வேண்டும். பட்டாசு, சுரங்கம் போன்ற அபாயத் தொழில்களில் 18 வரை தடை.

பள்ளி மாறும்போது மாட்டிக்கொள்ளும் இடம் மாற்றுச் சான்றிதழ். பழைய பள்ளி எமிஸில் உங்கள் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்காவிட்டால் புதிய பள்ளி சேர்க்க முடியாமல் திணறும். "பெற்றோர் வந்தால்தான் தருவோம்" என்று பள்ளி சொன்னால், குழுவின் ஆணை நகலைக் காட்டுங்கள். அப்போதும் தராவிட்டால், மாற்றுச் சான்றிதழ் வழங்கச் சொல்லிக் குழுவிடமே தனி உத்தரவு கேளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. 10, 12-ஆம் வகுப்பில் இருப்பவர்கள் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் மாதங்களில் பள்ளி மாறுவதைத் தவிர்க்கப் பாருங்கள். ஒரு வருடம் போய்விடும்.

10. குழு வீட்டுக்கே அனுப்பினால்

ஆணையில் தேதியைப் பாருங்கள். அதிலிருந்து 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் செய்து தருவார். குழு நடந்துகொண்ட விதத்தில் குறை என்றால், அதாவது கூடவில்லை, உங்களைத் தனியாகக் கேட்கவில்லை, நகல் தரவில்லை என்றால், மாவட்ட ஆட்சியரிடம் புகார் செய்யலாம். சட்டப்படி அந்தப் பொறுப்பு அவருக்கு. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் எல்லோர் முன்பும் நின்று கதை சொல்ல வேண்டாம். மூடிய உறையில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு மறுபடி அடி விழுந்தால் அது புதிய சம்பவம், புதிய மனு. "ஏற்கெனவே முடித்துவிட்டோம்" என்று யார் சொன்னாலும், புதிய ஏ.ஆர். காப்பியோடு மறுநாளே போங்கள்.

11. 18 நெருங்கும்போது

இல்லத்தில் இருப்பவர்கள் 17½ வயதிலேயே பிற்காப்புத் திட்டம் பற்றிக் கேட்கத் தொடங்க வேண்டும். 18-லிருந்து 21 வரை, சிறப்புக் காரணம் இருந்தால் 23 வரை, தங்கவும் படிக்கவும் தொழில் பழகவும் உதவி உண்டு. யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள். பிறந்தநாளுக்குப் பிறகு விண்ணப்பித்தால், இல்லத்தைவிட்டு வெளியே வந்த நாளுக்கும் உதவி வரும் நாளுக்கும் நடுவில் தெருவில் நிற்க நேரும்.

வெளியே வரும் நாளில் கையில் இருக்க வேண்டியவை: குழுவின் எல்லா ஆணை நகல்கள், இல்லத்தில் இருந்ததற்கான சான்று, கல்விச் சான்றுகள், உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கிப் புத்தகம். ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைபேசி எண்ணை உங்களுடையதாக மாற்றிவிடுங்கள். அதைச் செய்யாதவரை, நீங்கள் மேஜரான பிறகும் உங்கள் ஓடிபி எல்லாம் அப்பாவின் போனுக்கே போய்க்கொண்டிருக்கும்.